விருந்தாளிக்கு ஒரு ரோடு

காரில் உட்கார்ந்திருந்த இட்டோவுக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தாள்.

"பிரேக் என் பக்கம்தான் இருக்கு," என்றான் ஓட்டுநர் ஹம்மு. "நீ மிதிக்கிறதுல உன் செருப்புதான் தேயும்."

"சீக்கிரம் போயேன்."

"இது ரோடா? ஆடு போற வழி. ஆடே நாலு தடவை யோசிச்சுத்தான் காலை வைக்கும்."

வேறொரு நாளாக இருந்தால் ஹம்முவுக்கு ஈடுகொடுத்து வாயாடியிருப்பாள். காலையில் மராகேஷில் ஏறியதிலிருந்து சன்னலைத் திறப்பதும் மூடுவதும், தலைத்துணியை அவிழ்ப்பதும் கட்டுவதுமாகவே இருந்தாள். மலைமேல் இருக்கும் தகாதிர் ஊரில் இன்று மதியம் பெண்கள் கூட்டம். கூட்டம் நடத்துவதுதான் அவளுடைய வேலை. எத்தனையோ ஊர்களில் நடத்திவிட்டாள், ஒரு தடவையும் பதறியதில்லை. ஆனால் தகாதிர் அவள் பிறந்த ஊர். அங்கே அவள் தங்கை ரக்கியா இருக்கிறாள்.

இட்டோ வேலை பார்க்கும் தொண்டு நிறுவனத்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு ஊருக்கு எது வேண்டும் என்று ஆபீசில் உட்கார்ந்து முடிவு செய்யமாட்டார்கள். ஊர் கூடி, ஊர் பேசி, ஊர் ஓட்டுப் போட்டுச் சொல்ல வேண்டும். கூட்டம் நடத்துகிறவர் கேள்வி கேட்கலாம், காது கொடுத்துக் கேட்கலாம். இதைக் கேளுங்கள், அதைக் கேளுங்கள் என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் அந்தக் கூட்டம் செல்லாது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கும், வெளிநாட்டிலிருந்து சேவை செய்கிறேன் என்று பை தூக்கி வருகிறவர்களுக்கும் இந்தப் பாடத்தை எடுப்பதே இட்டோதான். "உங்க நாக்கை ஆபீஸ்லயே வெச்சுட்டுப் போங்க" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். இன்றைக்குத் தன் நாக்கு பல்லுக்குப் பின்னால் துடித்துக்கொண்டிருப்பது அவளுக்கே தெரிந்தது.

தகாதிருக்கு இந்த வருடம் ஒரே ஒரு வேலைதான் செய்து தர முடியும். ஆண்கள் கூட்டம் போன வாரமே முடிந்துவிட்டது. முதலில் ரோடு, இரண்டாவதாக ஊற்றிலிருந்து வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய். இரண்டு கூட்டத்தின் பட்டியலையும் சேர்த்துத்தான் முடிவு. பெண்கள் குழாயை முதலில் வைத்தால் குழாய் வந்துவிடும். பெண்களும் ரோடு என்று சொன்னால் ரோடுதான், குழாய் எந்தக் காலத்திலோ.

இட்டோவுக்குக் குழாய் வேண்டும். ரக்கியாவுக்காக வேண்டும்.

போன குளிர்காலத்தில் ரக்கியாவின் வயிற்றிலிருந்த பிள்ளை தங்கவில்லை. ஆறு மாதம் ஆகியிருந்தது. "அல்லாஹ் குடுத்தான், அவனே எடுத்துக்கிட்டான்" என்று பத்து நாள் கழித்துப் போனில் சொன்னாள், அவ்வளவுதான். இட்டோவும் அழுதுவிட்டு, அப்படியே நம்பிவிட்டாள். உண்மையைச் சொன்னது யோஸ்ட். ஹாலந்துக்காரன், வசந்தத்தில் மரக்கன்று நட வந்தவன், தகாதிரிலேயே தங்கிவிட்டான். வாரம் ஒரு முறை போனில் இட்டோவிடம் நடந்ததையெல்லாம் ஒப்பிப்பான். அப்படி ஒரு நாள் பேச்சோடு பேச்சாக, "ஊத்துப் பாதையில உங்க தங்கச்சி பனியில வழுக்கி விழுந்தாங்கல்ல, அந்த இடத்துல கல்லுப் படி போடலாமான்னு கேட்டுட்டு இருக்கேன்" என்றான்.

இட்டோ போனை வைத்தாள். முதுகில் தண்ணீர்க் கேனோடு, வயிற்றில் பிள்ளையோடு, உறைந்த பாதையில் விழுந்திருக்கிறாள் தன் தங்கை. அது எங்கிருந்தோ வந்த ஹாலந்துக்காரனுக்குத் தெரிகிறது, கூடப் பிறந்தவளுக்குத் தெரியவில்லை. துக்கம் ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். எது பெரிது என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து அவள் சரியாகத் தூங்கவில்லை.

கார் ஊருக்குக் கீழே நின்றது. அதற்குமேல் நடைதான். பாதையில் யோஸ்ட் எதிரே வந்தான். முதுகில் கயிறு கட்டி இரண்டு கேன். மூக்கு வெயிலில் உரிந்து, தோள் எலும்பு துருத்திக்கொண்டு, வந்த புதிதில் இருந்தவனில் பாதிதான் இருந்தான். தண்ணீர் தூக்குவது அந்த ஊரில் பெண்கள் வேலை. ஆண்கள் அவனைப் பார்த்து, "வாடா, நம்ம கழுதைக்கு லீவு குடுத்த புண்ணியவான்" என்று கேலி செய்வார்கள். யோஸ்ட் என்ற பெயர் யாருக்கும் வாயில் நுழையாததால் ஊரே அவனை யூசுஃப் என்று கூப்பிட்டது.

"எல்லாரும் வர்றாங்க," என்றான் அவன், உடைந்த பெர்பர் மொழியில். "அக்ரூட் அடிக்கிற வேலைய விட்டுட்டு வர்றாங்க. உங்களுக்காக."

"எனக்காக இல்ல, அவங்களுக்காக," என்றாள் இட்டோ, கொஞ்சம் கடுப்பாகவே.

ரக்கியா வீட்டில் எல்லாம் தயாராக இருந்தது. புது ஜமக்காளம் விரித்து, தலையணை சாய்த்து, வெண்ணெய், தேன், பாதாம், சூடான ரொட்டி, புதினா டீ. விருந்துக்குப் போகிறவர்கள் எடுத்துப்போகும் கூம்புச் சர்க்கரைக் கட்டியையும் துணிப் பொட்டலத்தையும் இட்டோ நீட்டினாள். ரக்கியா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"எப்படி இருக்க? பிள்ளைங்க நல்லா இருக்காங்களா? மாப்பிள்ளை காஸாபிளாங்காவுல நல்லா இருக்காரா? மாமியார் எப்படி? ஆடெல்லாம் நல்லா இருக்கா?"

"எல்லாம் நல்லம் அக்கா, அல்ஹம்துலில்லாஹ். நீங்க நல்லா இருக்கீங்களா? உடம்பு நல்லா இருக்கா? வழியெல்லாம் சுகமா?"

"நல்லம், அல்ஹம்துலில்லாஹ்."

அந்த மலையில் யார் யாரைப் பார்த்தாலும் இதுதான். பிள்ளை குட்டி ஆடு மாடு என்று வரிசையாகக் கேட்பார்கள், வரிசையாக நல்லம் என்பார்கள். வீடு இடிந்து கிடந்தாலும் நல்லம்தான். விசாரிப்பு முடிந்ததும் இட்டோ தங்கையின் முகத்தையே பார்த்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. அக்ரூட் தோல் உரித்து உரித்து விரலெல்லாம் கன்னங்கரேல் என்றிருந்தது. டீயை உயரத் தூக்கி நுரை வர ஊற்றும்போது இடது கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இடுப்புல என்ன?"

"ஒண்ணுமில்ல. சாப்பிடுங்க. தேன் தொட்டுக்கவே இல்லையே."

"ரக்கியா, ஊத்துக்குப் போற பாதை..."

"இந்த ரொட்டி ஆறிப்போச்சு, இருங்க சூடா எடுத்துட்டு வர்றேன்," என்று எழுந்து போனாள்.

கூட்டம் பள்ளிக்கூடத்தில். ஒரே அறைதான், அக்ரூட் பறிப்புக்காகப் பிள்ளைகளுக்கு விடுமுறை. பெஞ்சுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் பெண்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். எல்லார் விரலும் கறுப்பு. தகாதிரின் வாய்க்குச் சொந்தக்காரி என்று பெயரெடுத்த மாமாஸ் நடுவில் இடம் பிடித்தாள். கல்யாணம், சாவு, பஞ்சாயத்து எதுவாக இருந்தாலும் முதல் குரல் அவளுடையதுதான். மூலையில் யோஸ்ட் சாக்பீஸோடு குந்தியிருந்தான்.

இட்டோ முறையைச் சொன்னாள். யாருக்கு ஊருக்கு எது வேண்டுமோ அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னதைத் தரையில் படமாக வரைவார்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் மூன்று அக்ரூட். பிடித்த படத்தின்மேல் வைக்க வேண்டும். அதிகம் எதில் விழுகிறதோ அதுதான் பெண்களின் தீர்ப்பு.

"மூணையும் ஒரே இடத்துல வைக்கலாமா?" என்றாள் ஒருத்தி.

"வைக்கலாம்."

"தின்னலாமா?"

"அத்தை, ஓட்டைத் தின்னாதீங்க!" என்று யாரோ கத்த, கூட்டம் குலுங்கியது. மாமாஸ் ஏற்கனவே ஒன்றைப் பல்லில் உடைத்துவிட்டிருந்தாள்.

"சரி," என்றாள் இட்டோ. "சொல்லுங்க. இந்த ஊர்ல எது கஷ்டமா இருக்கு?"

ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். அப்புறம் மாமாஸ் தொண்டையைக் கனைத்தாள். "கஷ்டம்னு என்ன இருக்கு மகளே? உங்க புண்ணியத்துல எல்லாம் இருக்கு. பள்ளிவாசல் சுவர் கொஞ்சம் விரிஞ்சிருக்கு. அதைச் சொல்லலாம்."

யோஸ்ட் சுவர் வரைந்தான். ஒருத்தி தையல் மெஷின் என்றாள். ஒருத்தி பொது ரொட்டி அடுப்பு என்றாள். சுவர், மெஷின், அடுப்பு. தண்ணீர் என்று ஒரு வாயும் சொல்லவில்லை. பேர் சொன்னால்தான் படம், படம் இருந்தால்தான் ஓட்டு. இட்டோ தலைத்துணியை மறுபடி அவிழ்த்துக் கட்டினாள்.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது. யோஸ்ட்! வெளிநாட்டிலிருந்து வந்த விருந்தாளி. இத்தனை மாதம் இவர்களோடு கேன் தூக்கியவன். அவன் எதிரில் தண்ணீர் கஷ்டம் என்று சொன்னால், உன்னைக் கழுதை வேலை வாங்கினோம் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்வதுபோல ஆகாதா? இந்த ஊர் விருந்தாளிக்குக் குறை தெரியவிடாது. இதைக்கூட யோசிக்காமல் அவனை உள்ளே உட்காரவைத்தோமே என்று தன் தலையில் தானே குட்டிக்கொள்ளாத குறை.

"யோஸ்ட், ஹம்மு தனியா இருக்கார். கொஞ்சம் கீழ போய்ப் பேச்சுத்துணைக்கு இருக்கீங்களா?"

அவன் ஒன்றும் புரியாமல் எழுந்து போனான். சாக்பீஸை இட்டோ வாங்கிக்கொண்டாள்.

"இப்ப நாம நாமதான்," என்று சிரித்தாள். "பொம்பளைங்க மட்டும். இனிமே மனசு விட்டுச் சொல்லலாம்."

சொன்னார்கள்.

"ரோடு," என்றாள் மாமாஸ்.

"ஆமா, ரோடு," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"ரோடுதான்," என்று நாலைந்து குரல்.

கேள்வி கேட்கலாம் என்று விதி இருக்கிறதே, அந்த ஒன்றை இட்டோ பிடித்துக்கொண்டாள். "ஏன் ரோடு? யாருக்கு அதனால என்ன வசதி?"

மாமாஸ் அவள் தாடையைத் தொட்டாள். "உனக்குத்தான் கண்ணு! அந்தப் பாழாப்போன காருல குலுங்கிக் குலுங்கி வர்ற. வந்து இறங்கும்போது உன் மூஞ்சியைப் பார்க்கணுமே, எலுமிச்சங்காயைப் பிழிஞ்ச மாதிரி இருக்கும். பாவம், எங்களுக்காகத்தானே இவ்வளவு தூரம் வர்ற. ரோடு வந்தா சுகமா வருவ, ரெண்டு நாள் இருந்துட்டுப் போவ. நேத்தே நாங்க பேசி முடிவு பண்ணிட்டோம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். பாசமாகத்தான் ஆட்டினார்கள். அக்ரூட்டுகள் ஒவ்வொன்றாக எழுந்தன. ரோடு படம் இன்னும் வரையவே இல்லை, தரையில் சும்மா கிடந்த கோட்டின்மேல் வைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"இருங்க, இருங்க," என்றாள் இட்டோ. குரல் ஏறிவிட்டது. "உங்களுக்கு வேணுங்கிறதைக் கேட்டா எனக்கு வேணுங்கிறதைச் சொல்றீங்க! உங்க வீட்டுல... உங்க வீட்டுல தினமும்..." நாக்கை இழுத்துப் பிடித்தாள். தங்கையின் பக்கம் திரும்பினாள். ரக்கியா சுவரோரமாக, மடியில் மூன்று அக்ரூட்டையும் வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். "ரக்கியா. நீ சொல்லு. உனக்கு என்ன கஷ்டம்?"

"எனக்கு என்ன கஷ்டம் அக்கா? ரொட்டி இருக்கு, தண்ணி இருக்கு. எல்லாம் நல்லம், அல்ஹம்துலில்லாஹ்."

"பொய்."

பெண்கள் இட்டோவின் பக்கம் திரும்பினார்கள்.

"பொய் சொல்ற," என்றாள் இட்டோ. நாக்கு கட்டை அறுத்துக்கொண்டு போய்விட்டது, பிடிக்க ஆளில்லை. "தண்ணி இருக்காம், தண்ணி! அந்தத் தண்ணிக்குப் போன இடத்துலதானே வயித்துல இருந்ததைப் போட்டுட்டு வந்த? ஊத்துப் பாதையில விழுந்துதானே போச்சு? ஊருக்கே தெரியும். ஹாலந்துக்காரனுக்குத் தெரியும். கூடப் பிறந்தவ நான் அவன் வாயால தெரிஞ்சுக்கணுமா? என்கிட்ட மட்டும் அல்லாஹ் எடுத்துக்கிட்டான்னு சொல்ற!"

செத்த பிள்ளையைச் சபையில் இழுத்துப் பேசுவதை அந்த மலையில் பகையாளிகூடச் செய்யமாட்டான். பெண்கள் வாயைத் தலைத்துணியால் மூடிக்கொண்டார்கள். சொல்லி முடித்த மறு நொடியே இட்டோவுக்குத் தன் வாயில் அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது.

ரக்கியா மெதுவாக எழுந்தாள். மடியிலிருந்த அக்ரூட்டுகள் உருண்டு ஓடின.

"எப்ப சொல்லியிருக்கணும்?" என்றாள். "சொல்லு. எப்ப சொல்லியிருக்கணும்னு சொல்லு, கேட்டுக்கிறேன். பெருநாளுக்குப் பெருநாள் வருவ. கீழ கார் நிக்கும். செருப்பை வாசல்ல வெளிய பார்த்து விட்டுட்டு உள்ள வருவ, போகும்போது மாட்ட லேசா இருக்கணும்ல! ஜமக்காளத்துல உக்காந்து ரெண்டு கிளாஸ் டீ குடிப்ப. முதல் கிளாஸுக்கும் ரெண்டாவது கிளாஸுக்கும் நடுவுல சொல்லியிருக்கணுமா?"

"போன் பண்ணியிருக்கலாமே..."

"நீதான் பண்ணின. விழுந்ததுக்கு மறுநாள். எப்படி இருக்க, பிள்ளைங்க எப்படி இருக்கு, ஆடு எப்படி இருக்குன்னு மூச்சு விடாம கேட்ட. நான் கிடந்த கிடையில எல்லாம் நல்லம்னு சொன்னேன். விருந்தாளி கேட்டா வேற என்ன சொல்லுவாங்க?"

"நான் விருந்தாளியா?"

"பின்ன யாரு? சர்க்கரை வாங்கிட்டு வர்றவளுக்கு வேற என்ன பேரு?"

இத்தனை நேரம் விருந்தாளி யார் என்று இட்டோ வெளியே தேடிக்கொண்டிருந்தாள். "அப்ப யோஸ்ட்?" என்றாள், குழந்தை கேட்பதுபோல. "அவன் விருந்தாளி இல்லையா? அவன்கிட்ட எப்படிச் சொன்ன?"

"யூசுஃபா?" ரக்கியா உதட்டைப் பிதுக்கினாள். "அவன் கூடத் தூக்கினான். வந்த முதல் வாரமே அதே இடத்துல அவனும் விழுந்தான். எழுப்பிவிடும்போது சொன்னேன், நானும் இங்கதான் விழுந்தேன்னு. அது தானா வந்துச்சு. எங்கயோ கிடந்த பயலுக்குச் சொல்லணும்னு நான் நினைக்கல. உக்காந்து டீ குடிக்கிறவகிட்ட அதெல்லாம் வரமாட்டேங்குது அக்கா. நான் என்ன பண்றது?"

"அந்தப் பிள்ளையை ஏன் வெளிய அனுப்பின?" என்று மாமாஸ் இடையில் புகுந்தாள். அவளுக்கு அதுவே பெரிய குறையாகப் போய்விட்டது. "அவன் பாட்டுக்கு உக்காந்து படம் போட்டுட்டு இருந்தான். அவன் இருந்தா நமக்கென்ன? என் முழங்கால் வலிக்கு அவன்தானே எண்ணெய் வாங்கிட்டு வந்து குடுத்தான். உன் எதிர்லதான் எங்களுக்குக் கூச்சம். பட்டணத்துல இருந்து வர்றவ, படிச்சவ, ஊர்ல பிறந்து பெரிய ஆளானவ. உன்கிட்ட வந்து அழுதா, போனவ ஏன்டா வந்தோம்னு நினைக்க மாட்டியா?"

யாரோ ஒருத்தி விசும்பினாள். இன்னொருத்தி, "ரக்கியா மட்டுமா விழுந்தா? என் மக பல்லு போச்சு" என்றாள். "என் கை," என்றாள் மற்றொருத்தி, கையைத் தூக்கிக் காட்டினாள், முழங்கைக்குக் கீழே எலும்பு கோணலாகப் பொருந்தியிருந்தது. அதற்குமேல் யார் பேசுகிறார்கள் யார் கேட்கிறார்கள் என்று தெரியவில்லை. ஒரே சத்தம். கழுதை உருண்டது, கயிறு அறுந்தது, மாமியார் திட்டினது, விடியாமல் எழுந்து போய் வரிசையில் நின்றது, ஊற்றங்கரையில் குடுமிப்பிடி நடந்தது எல்லாம் வந்தது.

இட்டோ கேட்டுக்கொண்டே நின்றாள். இதைத்தானே அவள் கேட்க ஆசைப்பட்டாள்? எல்லா வாயிலும் தண்ணீர்தான். ஆனாலும் நெஞ்சில் ஒரு துளி நிம்மதி இல்லை. அவள் வாய் திறந்தாயிற்று. தண்ணீர் என்று முதலில் சொன்னதே அவள்தான். இதை மறைத்து ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தால், மற்றவர்களுக்கு அவள் எடுத்த பாடமெல்லாம் வெறும் வாய்ச்சவடால். மறைக்காமல் சொன்னால் கூட்டம் செல்லாது, குழாயும் போச்சு.

அவள் குனிந்து, தலைத்துணியின் நுனியால் தரையிலிருந்த படங்களை அழித்தாள். சுவர், மெஷின், அடுப்பு, எல்லாவற்றையும். கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

"நான் பேசியிருக்கக் கூடாது," என்றாள். "நான் பேசினதால இந்தக் கூட்டம் செல்லாது. வேற ஆள் வந்து இன்னொரு நாள் நடத்தணும்."

"இன்னொரு நாளா?" மாமாஸ் இடுப்பில் கை வைத்தாள். "மரத்துல அக்ரூட் கிடந்து அழுகுது, அணில் பாதியைத் தின்னுட்டுப் போகுது, நாங்க இன்னொரு நாள் வந்து உக்காரணுமா? நீ பேசினதுதானே குத்தம்? நீ வெளிய போ. யூசுஃபைக் கூப்பிடு."

"அவனுக்கு நம்ம பாஷையே சரியா வராது, அவன் எப்படி..."

"நல்லதாப் போச்சு. குறுக்க பேசமாட்டான்."

சிலர் சிரித்துவிட்டார்கள். ரக்கியா சிரிக்கவில்லை. இட்டோவும் சிரிக்கவில்லை. சாக்பீஸைத் தரையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். வாசலில் அவள் செருப்பு வெளிப்பக்கம் பார்த்துக் கிடந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் வெறுங்காலோடு நடந்துபோய், கீழே ஹம்முவிடம் கதை கேட்டுக்கொண்டிருந்த யோஸ்டைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

"நீங்கதான் நடத்தணும்," என்றாள்.

"நானா? நான் என்ன சொல்லணும்?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவங்க சொல்றதைப் படம் போடுங்க. அக்ரூட்டை எண்ணுங்க. மறுபடியும் முதல்லேர்ந்து."

அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்காமல் உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது.

இட்டோ பள்ளிக்கூடச் சுவரோரமாக இப்படியும் அப்படியும் நடந்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள். உள்ளே சத்தம் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. மாமாஸின் குரல் கேட்டது, யாரோ அவளை எதிர்த்துக் கத்துவது கேட்டது. ஒரு சொல்லும் தெளிவாக விழவில்லை. சன்னலுக்குப் பக்கத்தில் போய்க் காதை வைக்கலாம் என்று இரண்டு தடவை கால் போனது, இரண்டு தடவையும் திரும்பிவந்தாள். ரோடு என்றே மறுபடி சொல்லிவிட்டால்? அவள்மேல் உள்ள கோபத்தில் சொல்லலாம், பாசத்திலும் சொல்லலாம். இந்த ஊரை அவளுக்குத் தெரியும் என்று காலையில்கூட நினைத்துக்கொண்டிருந்தாளே, அந்த நினைப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எதிர்ச் சரிவில் யாரோ நீளக் கம்பால் அக்ரூட் கிளையை அடித்துக்கொண்டிருந்தார்கள். காய் உதிரும் சத்தம் கேட்டது. ஹம்மு கீழேயிருந்து, "மேகம் வருது, வழியில ஆத்துல தண்ணி ஏறினா இங்கயேதான்!" என்று கத்தினான்.

கதவு திறந்து ரக்கியா மட்டும் வந்தாள். அக்காவைப் பார்க்காமல், கொஞ்சம் தள்ளி, சுவரில் சாய்ந்து நின்றாள்.

"தண்ணிதான்," என்றாள். "மூணே மூணு ரோட்டுக்கு. அது மாமாஸ் மருமக. அவளுக்கு மாமியாரை விட்டு ஓடணும்."

"ரக்கியா..."

"குழாய் வந்தாலும் என் வீடு மேட்டுல இருக்கு. அங்க ஏறுமான்னு யூசுஃபுக்கே தெரியலையாம். அடுத்த வீட்டுக் குழாயில பிடிச்சுக்கலாம்னு சொன்னாங்க. அது போதும்."

இட்டோ அவள் கையைப் பிடித்தாள். கறுத்துப்போன, காய்த்துப்போன கை. ரக்கியா அதை இழுத்துக்கொள்ளவும் இல்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

"எல்லார் முன்னாடியும் அப்படிக் கேட்டியே," என்றாள் ரக்கியா. "நாய் மாதிரி கத்தினியே. இன்னும் நெஞ்சு எரியுது எனக்கு."

"தெரியும்."

"என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது உனக்கு." மூக்கைத் தலைத்துணியில் துடைத்துக்கொண்டாள். "இடுப்பு இன்னும் சரியாகல. உக்காந்தா எழுந்திருக்க முடியல. அவருக்குச் சொன்னா வேலையை விட்டுட்டு வந்துருவாரு, வந்தா சாப்பாட்டுக்கு என்ன பண்றதுன்னு சொல்லல. மாமியார் இருக்காங்களே, இந்தக் காலத்துப் பொண்ணுங்கதான் வழுக்குவாங்க, உன் வயசுல நான் வழுக்கினேனாங்கிறாங்க. அவங்களுக்கு நான் சமைக்கணும்." நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். அடுப்புப் புகை, பெரியவனின் காது வலி, செத்துப்போன ஆடு, எல்லாம் குறைதான். நல்லம் என்று ஒன்றுகூட இல்லை. இட்டோ ஆறுதல் சொல்லவில்லை, குறுக்கே கேட்கவும் இல்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

உள்ளே யோஸ்ட் அக்ரூட் எண்ணுவதும், அவன் தப்பாக எண்ணுகிறான் என்று பெண்கள் கூச்சல் போடுவதும் கேட்டது. ரக்கியா பேச்சை நிறுத்திவிட்டு மலைப்பக்கம் பார்த்தாள்.

"பிள்ளையை எங்க வெச்சோம்னு காட்டட்டுமா?" என்றாள். "மேல, கற்றாழை வேலிக்கு அந்தப் பக்கம். நல்லா ஏறணும். உனக்கு மூச்சு வாங்கும்."

"வாங்கட்டும்."

ரக்கியா மேல்துணியை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள். இட்டோ வெறுங்காலோடு பின்னால் ஏறினாள். கல் குத்தியது. பாதி ஏற்றத்தில், திரும்பிப் பார்க்காமலே, "பொண்ணு, அக்கா" என்றாள் ரக்கியா.